பிரசவ அறையின் ஒத்திகையும் அதனை நடத்தும் தாதியும்

(கஹவத்தையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ பேசுவதே நம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துப் பிரசவ அறையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்த பொறுப்பாளர்களின் துணிவை முதற்கண் பாராட்டுகின்றேன். தாய்சேய் நலம் என்று பொதுப்படத் தலைப்பிட்டுக்கொண்டு, போஷாக்கு, தடுப்பூசி, தாய்ப்பால் என ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுப் போவது சொல்பவருக்கும் எளிது, கேட்பவருக்கும் இதம். ஆயினும், பல்லாண்டு காலம் தாதிய மாணவியர்க்குப் பாடஞ்சொல்லி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அப்பரந்த பரப்பினுள் ஒரு சிறு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு இயன்றவரை ஆழ்ந்து பார்க்க விரும்புகின்றேன். பிரசவ காலத்து ஆபத்துகளை எதிர்கொள்ளும் வித்தையை, பாவனைத் தாய் ஒருத்தியையும் பொம்மைக் குழந்தை ஒன்றையும் வைத்துப் போலச் செய்து பழக்குகின்ற முறை ஒன்று உலகெங்கும் வளர்ந்துள்ளது. அம்முறையில் கற்பிக்கும் ஆசிரியையாக, வாட்டில் நின்று வேலை செய்கின்ற தாதியையே ஆக்குவது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இந்நாட்டின் பிரசவ சரித்திரத்தில் 1930களின் கணக்கைக் கேட்பவர் இன்றும் திகைப்பர். உயிரோடு பிறந்த ஓரிலட்சம் குழந்தைகளுக்கு ஈராயிரத்திற்கு மேற்பட்ட தாய்மார் மாண்ட காலம் அது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் நமது சப்ரகமுவையின் மற்றொரு பாதியாகிய கேகாலையையும் அதற்கப்பால் குருநாகலையையும் சூறையாடியபோது அந்த எண் இன்னும் மேலேறிற்று. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், கிராமங்கிராமமாக நடந்து சென்ற மருத்துவமாதரும், பின்னர் வந்த இரத்த வங்கியும், கிருமிக்கொல்லி மருந்துகளும், கட்டணமில்லா வைத்தியசாலைகளும் சேர்ந்து, அந்த எண்ணை இன்று இலட்சத்திற்கு முப்பது என்னும் அளவை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. வறிய நாடு ஒன்று இதனை எப்படிச் சாதித்தது என்று வியந்து, மலேசியாவையும் இலங்கையையும் எடுத்துக்காட்டி 2003 இல் உலக வங்கி ஒரு நூலே வெளியிட்டது.

தோட்டப்புறம் இச்சரித்திரத்தில் பின்வரிசையிலேயே வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1872 முதல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் வைத்தியத் தேவைச் சட்டங்கள் வைத்தியப் பொறுப்பைப் பெரிதும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விட்டன. கிராமத்துக்கு அரசாங்க மருத்துவமாது போய்க்கொண்டிருந்த நாளில், லயத்துக்குத் தோட்ட டிஸ்பென்சரியும் வயது முதிர்ந்த மருத்துவச்சியின் கைப்பழக்கமுமே கதியாயிருந்தன. 1939 இல் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் மறுபடியும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இவற்றுக்கிடையே தோட்டத்துப் பிரசவம் மெல்ல மெல்ல லயக் காம்பராவை விட்டும், பின்பு தோட்ட ஆஸ்பத்திரியை விட்டும், அரசாங்க வைத்தியசாலைக்கு இடம்பெயர்ந்தது. இன்று ஹவுப்பேயிலோ வெல்லந்துறையிலோ கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்திக்கு நோவு கண்டால், அவள் வந்து சேரும் இடம் வைத்தியசாலைக் கட்டில்தான்.

இவ்வளவும் நல்ல செய்தியே. ஆனால், இந்நல்ல செய்திக்குள் பயிற்றும் தொழிலில் இருப்பவர்களை உறுத்தும் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கின்றது. 2012 இல் ஆண்டொன்றுக்கு மூன்றரை இலட்சத்தை எட்டியிருந்த இந்நாட்டுப் பிறப்புகள், 2023 இல் இரண்டரை இலட்சத்திற்கும் கீழே இறங்கிவிட்டன. பிறப்புகளும் குறைந்து, ஆபத்துகளும் குறைந்து, கடினமான பிரசவங்கள் முன்கூட்டியே இனங்காணப்பட்டுப் பெரிய வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்படுகின்ற இந்நாளில், ஓர் ஆதார வைத்தியசாலையின் பிரசவ அறையில் புதிதாகச் சேர்ந்த தாதி, கடும் இரத்தப்பெருக்கையோ, தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொண்ட குழந்தையையோ, வலிப்புக் கண்ட கர்ப்பிணியையோ கண்ணாற் காணாமலே நெடுங்காலம் கழிக்கக்கூடும். என் தலைமுறைத் தாதியர் நோயாளியின் துன்பத்திலிருந்தே கற்றோம்; அது பெருமைப்படத்தக்க கல்வி அன்று, எனினும் கல்வியாயிருந்தது. அந்தக் கல்வி இன்றைய பெண்ணுக்கு வாய்ப்பதில்லை. வாய்க்க வேண்டும் என்று எவரும் பிரார்த்திக்கவும் மாட்டோம். ஆனால் ஆபத்து அரிதாகிற்றேயன்றி அற்றுப்போகவில்லை; அது வரும் இரவில், புத்தகத்தில் மட்டும் அதனைப் படித்த கைகளே கட்டிலருகே நிற்கும். பீகார் போன்ற இடங்களுக்கு இப்பயிற்சி வேண்டியிருப்பது அங்கே மரணம் மிகுதி என்பதால். நமக்கு வேண்டியிருப்பது இங்கே மரணம் குறைவு என்பதால். இந்த வேறுபாட்டை உணராதவர்களே, நாம்தான் நல்ல நிலையில் இருக்கிறோமே, நமக்கு எதற்குப் பொம்மை விளையாட்டு என்று கேட்கிறார்கள்.

பொம்மையை வைத்துப் பிரசவம் கற்பிக்கும் யுக்தி நேற்றுத் தோன்றியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் அஞ்செலிக் து கூத்ரே என்னும் மருத்துவச்சி, துணியும் தோலும் பஞ்சும் கொண்டு, பெண்ணுடம்பின் இடுப்புப் பகுதியை உள்ளமைப்போடு தைத்து, அதற்கு யந்திரம் என்றே பெயரிட்டாள். குழந்தைப் பொம்மை, இரட்டைக் குழந்தை, கொடி, நஞ்சு யாவும் அதனோடு உண்டு; செந்நிற நீர் தோய்த்த பஞ்சை உள்ளே வைத்து இரத்தம் பெருகுவதையும் காட்டினாள். 1759 இல் பதினைந்தாம் லூயி மன்னன் அவளுக்கு அரசாணை வழங்க, அடுத்த இருபதாண்டுகளுக்கு மேலாக அவள் ஊர் ஊராகச் சென்று, பெரும்பாலும் எழுத்தறியாத கிராமத்துப் பெண்கள் சில ஆயிரம் பேருக்கு, பொம்மையைக் கைகளாலேயே புரட்டிப் பழக வைத்துக் கற்பித்தாள். அந்த யந்திரங்களுள் எஞ்சிய ஒன்று இன்றும் ரூவான் நகரத்து மருத்துவக் காட்சிச்சாலையில் உள்ளது. அவளுடைய தையலைவிட அவளுடைய முன்யோசனையே என்னை அதிகம் கவர்கின்றது. தான் ஊரை விட்டு நீங்கியபின் பாடம் நின்றுவிடுமே என்று எண்ணி, உள்ளூர் இரண வைத்தியர்களைத் தனியே அழைத்து, யந்திரத்தை எப்படிக் கையாண்டு கற்பிப்பது என்பதையும் பழக்கி, யந்திரமொன்றையும் அவ்வூரிலே நிறுத்திவிட்டுச் சென்றாள். கற்பிப்பவரைக் கற்பித்தல் என்னும் நமது பொருள் அன்றே தொடங்கிவிட்டது. ஆயினும் அவள் அப்பொறுப்பைக் கொடுத்தது மருத்துவச்சிகளிடமன்று, ஆண் வைத்தியர்களிடம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வழக்கம் மறைய உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது.

இடையிலுள்ள சரித்திரத்தை விரைந்து கடந்துவிடுகின்றேன். நோர்வே நாட்டு ஸ்டவாங்கர் நகரில் விளையாட்டுப் பொருள் செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால் என்பவர், மென்மையான பிளாஸ்டிக்கை வார்க்கும் தம் கைத்திறனைக் கொண்டு, 1960 இல் செயற்கைச் சுவாசம் பழகுவதற்கான ஆளுயரப் பொம்மையைச் செய்தார். அவர் தொடங்கிய ஸ்தாபனமே, 2010 இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகமும் பிறரும் சேர்ந்து வகுத்த சிசு மூச்சுப் பயிற்சிக்கு உதவியாக, நியோநெட்டலி என்னும் எளிய குழந்தைப் பொம்மையை ஆக்கிற்று. அதனுள் வெந்நீர் நிரப்பினால், பிறந்த குழந்தையின் பாரமும் சூடும் துவளலும் கைக்குத் தட்டுப்படும். பயிற்றுநர் தம் உள்ளங்கையில் மறைத்து வைத்த சிறு இரப்பர்க் குமிழை அமுக்கினால் கொப்பூழ்க்கொடி துடிக்கும். மற்றொன்றை அமுக்கினால் அழுகை கேட்கும். குழந்தை அழுவதும் அழாததும் பயிற்றுநரின் விரலில் இருக்கின்றது. இந்த அதிகாரத்தை எப்படிப் பிரயோகிப்பது என்பதைப் பின்னர்ப் பேசுகின்றேன்.

அப்பயிற்சியின் சாரம் முதல் நிமிடத்தில் அடங்குகின்றது. பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்திலொன்றுக்கு மூச்செடுக்கச் சிறிதேனும் உதவி வேண்டும். அவற்றுள்ளும் பெரும்பாலானவை நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்ட அளவிலேயே அழுதுவிடும். அதற்கும் அசையாத சிலவற்றுக்கே பையும் முகமூடியும் கொண்டு காற்றூட்ட வேண்டியிருக்கும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பிட்டத்தில் தட்டும் பழைய வழக்கம் பயனற்றது; தீங்கும் ஆகலாம். தோட்டப்புறத்துக் குழந்தைகளிடையே பிறப்பு நிறை குறைந்தவை நாட்டின் பிற பகுதிகளைவிட மிகுதியாயிருப்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் உண்மையாதலின், ஈரத்துணியை அகற்றிக் காய்ந்த துணியால் போர்த்துத் தாயின் மார்பிலே கிடத்துவது என்ற அற்பமாகத் தோன்றும் செயல் நமக்கு விசேஷமானது.

இனி, பொம்மை வாங்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தான்சானியா நாட்டின் வடபகுதிக் கிராமமொன்றில் ஹைடம் என்னும் மிஷன் வைத்தியசாலை உண்டு. அங்கே 2010 இல் மேற்சொன்ன பயிற்சியை ஒரு நாள் முழுவதும் நடத்தினார்கள். மாதங்கள் கழித்துப் பரீட்சித்தபோது, பொம்மையிடத்தில் தாதியரின் கைத்திறன் நன்றாகவே உயர்ந்திருந்தது. பிரசவ அறையில் உண்மைக் குழந்தையிடத்தில் அவர்கள் செய்தது மட்டும் முன்போலவே இருந்தது! சான்றிதழும் புகைப்படமும் சிற்றுண்டியுமாக முடியும் ஒருநாள் செயலமர்வுகளை நடத்தியும் அவற்றில் அமர்ந்தும் வந்திருக்கும் நாம் எல்லோரும் ஓர்ந்து பார்க்க வேண்டிய முடிவு அது. ஹைடத்தவர் மனந்தளரவில்லை. பொம்மையைப் பிரசவ அறையிலேயே கொண்டுவந்து வைத்து, கிழமைதோறும் சில நிமிடங்கள் கடமையினிடையே பழகுவது, மாதம் ஒருமுறை சற்று நீண்ட பயிற்சி என்று மாற்றினார்கள். அதனை முன்னின்று நடத்த அங்குள்ளவர்களையே ஆயத்தம் செய்தார்கள். பிறந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இறந்த குழந்தைகளின் தொகை ஆயிரத்துக்கு 11.1 இலிருந்து 7.2 ஆக இறங்கிற்று. பொம்மை அதே பொம்மைதான். மாறியவை இடமும் காலமும் கற்பித்த ஆளும்.

இங்கிலாந்தில் பிறிஸ்டல் நகரத்துச் சவுத்மீட் வைத்தியசாலையும் இதையே வேறு வழியில் கண்டது. ஆண்டுதோறும் மருத்துவரும் மருத்துவமாதரும் தம் சொந்த வாட்டிலேயே சேர்ந்து பழகியதன் பயனாக, தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் நேர்வது நூற்றுக்கு 9.3 இலிருந்து 2.3 ஆகக் குறைந்தது என்று 2008 இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு மருத்துவ உலகில் பெரிதும் பேசப்பட்டது.

நமக்கு அண்மையான உதாரணம் பீகார். அங்கே மாநில அரசும் கெயார் இந்தியா என்னும் ஸ்தாபனமும் அமானத் என்ற பெயரில் ஒரு திட்டத்தை நடத்தின. இளம் தாதியரை வழிகாட்டிகளாகத் தெரிந்தெடுத்து, இருவர் இருவராக, முந்நூறுக்கு மேற்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு, மாதத்தில் ஒரு வாரம் வீதம் பல மாதங்கள் அனுப்பினார்கள். அத்தாதியருக்குப் பாவனைப் பயிற்சி நடத்தும் கலையைக் கற்பித்தது, மெக்சிக்கோவில் உருவாகிக் குவாத்தமாலாவிலும் பரவிய புரொன்டோ என்னும் குழு. அவர்களுடைய முக்கிய உபகரணம் விலையுயர்ந்த யந்திரம் அன்று. சத்திரசிகிச்சைக் கூடத்தில் அணியும் காற்சட்டையில் பிறப்புவாய் வைத்துத் தைத்த உடுப்பு. அதனைத் தாதி ஒருத்தியே அணிந்துகொண்டு தாயாக நடிப்பாள். குழந்தையும் கொடியும் செந்நீரும் அதன் வழியே வெளிவரும். கஹவத்தைக் கடைத்தெருவில் தையல் மெஷின் மிதிக்கும் எவரும் மாதிரியைப் பார்த்தால் ஒரு நாளில் தைத்துக் கொடுத்துவிடக்கூடியது. இரத்தத்துக்குச் சர்பத்துக் கலரிங் போதும்.

இத்தகைய பயிற்சி ஒன்று நடக்கும் விதத்தைச் சற்று விரித்துக் காட்டுகின்றேன். பகல் ஒரு மணிக்கு முறை மாறும் வேளை. காலை முறைத் தாதியர் போகவில்லை, மாலை முறையினர் வந்துவிட்டார்கள். வெறுமையாயிருக்கும் கட்டிலில், காற்சட்டையை அணிந்த தாதி, மூன்றாம் பிள்ளைக்கு வந்திருக்கும் தோட்டத்துத் தாயாகப் படுத்திருக்கிறாள். குழந்தை பிறந்துவிட்டது, ஒக்ஸிடோசின் பத்து அலகு தசையில் ஏற்றியாயிற்று, நஞ்சும் விழுந்தது. தாதியொருத்தி குழந்தையைத் துடைக்க, மற்றவள் தாளில் நேரம் குறிக்கிறாள். தாயாக நடிப்பவள் தன் விரலிடையே உள்ள அடைப்பை மெல்லத் திருக, விரிப்பில் சிவப்புப் படர்கின்றது. எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டால், இருநூறு மில்லி இருக்கும் என்பாள் அநுபவமுள்ள தாதியும். பின்னர் விரிப்பை நிறுத்துப் பார்த்தால் அறுநூறு. பார்வையால் மதிப்பிடும் இரத்தம் உண்மையிலும் குறைந்தே தோன்றும் என்பது உலகெங்கும் கண்டறிந்த குறை. 2023 இல் நான்கு ஆபிரிக்க நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில், அளவு குறித்த பையில் இரத்தத்தைப் பிடித்து அளந்து, உடனே சிகிச்சைகளை ஒருங்கே தொடங்கியதனால், கடுமையான இரத்தப்பெருக்கும் அதன் விளைவுகளும் அறுபது சதவீதம் குறைந்தன. கொழுந்து மலையில் உழைத்து, இரத்தச் சோகையோடு கட்டிலுக்கு வரும் நம் பெண்ணுக்கு, அரை லீற்றர் இழப்பு என்பது நல்ல தேகபலமுள்ளவளுக்கு நேரும் அரை லீற்றர் அன்று.

அப்போது தாயாக நடிப்பவள், "கண்ணக் கட்டிக்கிட்டு வருது, மிஸ்ஸி" என்கிறாள். தாள் எழுதுபவள் நிமிரவில்லை. மறுபடியும் சொல்கிறாள். மூன்றாம் முறை சொல்வதற்கு அவளுக்குக் குரல் எழவில்லை. அதுவும் நடிப்பில் எழுதப்பட்டதுதான். அப்புறம் அறை விழித்துக்கொள்கிறது. ஒருத்தி வயிற்றின்மேல் கைவைத்துத் தளர்ந்த கருப்பையைத் தேய்க்கிறாள். ஒருத்தி இரண்டாவது ஊசிக் குழாயை ஏற்றப் பார்க்கிறாள். "யாராவது டிரானெக்ஸமிக் கொண்டு வாங்க" என்ற குரல் எழுகிறது. யாராவது என்று சொன்னதனால் எவரும் போகவில்லை. பின்பு மூவர் ஒரே அலுமாரிக்கு ஓடுகிறார்கள். பெயர் சொல்லி ஏவுவதும், ஏவப்பட்டவள் அதனைத் திருப்பிச் சொல்லி ஏற்பதும், செய்து முடித்ததும் உரக்க அறிவிப்பதும் எத்தனை முறை கரும்பலகையில் எழுதிப் போட்டாலும் பதியாதவை; இந்த அலுமாரி முட்டல் ஒருமுறை நேர்ந்தால் பதிந்துவிடும்.

இந்த இடத்தில் பயிற்றுநர் என்ன செய்ய வேண்டும்? நம் தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு ஆட்களைப் பழக்கும் மாஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். அடி தவறியவுடன் நிறுத்தி, தாமே ஆடிக் காட்டி, பாட்டையும் எடுத்துக் கொடுப்பார். கூத்துக்கு அது தகும். பிரசவ அறை ஒத்திகையில் அப்படி இடையே நிறுத்தினால், பிழையின் விளைவைக் காணும் வாய்ப்பைப் பயிற்றுநரே கெடுத்துவிடுகிறார். பிழை நிகழட்டும், அதன் வழியே சம்பவம் செல்லட்டும், நடித்தவர்கள் தாமே அதனைக் கண்டுபிடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, தவறு கண்டால் உடனே அதட்டித் திருத்தும் பரம்பரையில் வளர்ந்த எம்போன்ற தாதியருக்கு எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். தாதியைப் பயிற்றுநராக ஆக்குவதில் பாதி வேலை, அவள் நாவை அடக்கப் பழக்குவதாகவே இருக்கும்.

மற்றப் பாதி, ஒத்திகை முடிந்தபின் நடக்கும் கலந்துரையாடல். பத்து நிமிட ஒத்திகைக்கு இருபது நிமிட உரையாடல் என்பது கிரமம். நாமோ பத்து நிமிட ஒத்திகைக்கு ஐந்து நிமிட வசவு என்று வைத்துக்கொள்வோம். முதலில் என்ன நடந்தது என்று நடித்தவர்களையே வரிசையாகச் சொல்ல விடவேண்டும். அடுத்து ஏன் அப்படி நேர்ந்தது என்று ஆராய வேண்டும். இறுதியில், நாளை இந்த அறையில் எதை மாற்றுவோம் என்று முடிவு செய்ய வேண்டும். "ஏன் வயிற்றைத் தேய்க்கவில்லை?" என்று கேட்டால் வரும் பதில் மன்னிப்போ சாக்கோதான். "அவள் கண்ணைக் கட்டுகிறது என்று சொன்னபோது நீங்கள் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், அந்நேரம் உங்கள் மனத்தில் என்ன ஓடிற்று?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மௌனமாயிருந்தால், "நேரம் எழுதாவிட்டால் ஏசுவார்கள் என்று பயந்தேன்" என்ற உண்மை வெளிவரும். அந்த உண்மை ஒரு தாதியின் குற்றத்தைப் பற்றியதன்று. அந்த வாட்டின் வழக்கத்தைப் பற்றியது. ஆகவே அதைத் திருத்த வேண்டியவர்கள் வேறு ஆட்களும் ஆகலாம்.

வைத்தியர், மேட்ரன், வாட் சிஸ்டர், தாதி, மருத்துவமாது, சிற்றூழியர் என்ற ஏணிப்படி நம் வைத்தியசாலைகளில் எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒத்திகை நடக்கும் அரைமணி நேரத்தில் அது தளராவிட்டால், கீழ்ப்படியில் நிற்பவள் வாய் திறக்கமாட்டாள். ஆபத்தை முதலிற் காண்பவள் பெரும்பாலும் அவளே. அதனால், தொடங்கும் முன்னரே, இங்கு நடப்பது இங்கேயே இருக்கும், இது பரீட்சையன்று, இதனைக் கொண்டு எவர்மேலும் அறிக்கை எழுதப்படமாட்டாது என்று பயிற்றுநர் வாக்களிக்க வேண்டும். வாக்களித்தபின் அதனைக் காக்கவும் வேண்டும்.

பொம்மைக் குழந்தை இறக்கலாமா என்பது பயிற்றுநரிடையே இன்னும் தீராத விவாதம். குமிழை அமுக்காமல் விட்டுவிட்டால் குழந்தை அழாது. பயில்பவளின் முகம் வெளிறிவிடும். அந்த அதிர்ச்சியால் பாடம் ஆழப் பதியும் என்பது ஒரு கட்சி. மரணத்தைத் தண்டனையாகப் பிரயோகிக்கலாகாது, செய்த முயற்சி சரியாயிருந்தால் கொடி துடிக்க வேண்டும் என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி. தன் சொந்தக் குழந்தையை இழந்த தாதியும் அந்த வட்டத்தில் நிற்கக்கூடும் என்பதை மறந்த பயிற்றுநர் எவ்வளவு படித்தவரானாலும் அவரிடம் அந்தக் குமிழைக் கொடுக்கமாட்டேன்.

இனி மொழிக்கு வருகின்றேன். கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது என்று தாய் முறையிட்டது தமிழில். சப்ரகமுவையின் பிரசவ அறைகளில் பணிசெய்யும் தாதியருள் மிகப் பெரும்பாலோர் சிங்களம் பேசுபவர்கள், அன்புள்ளவர்கள், ஆயினும் அந்தச் சொற்றொடர் அபாய அறிவிப்பு என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. நெஞ்சு படபடக்குது, தலை கிறுகிறுக்குது, கண்ணு மங்குது என்பவை எந்தப் பாடநூலிலும் இல்லாத நோய்க்குறிகள். இவ்வூர் ஒத்திகையில் தாயாக நடிப்பவள் தமிழிலேயே பேச வேண்டும், தோட்டத்துத் தமிழிலேயே பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் மொழிப்பற்று அன்று. இரு மொழியினரும் சேர்ந்து நிற்கும் அந்த வட்டத்தில், முக்கு என்பதையும் இப்போது முக்காதே என்பதையும் தாயிடம் எப்படிச் சொல்வது என்று சிங்களத் தாதி கற்றுக்கொள்வாள். அதிகாரி முன் எப்படிக் குரலெழுப்புவது என்று தமிழ்த் தாதி கற்றுக்கொள்வாள். பிரசவ வைத்தியத்தைத் தமிழிற் கற்பிப்பது இந்நாட்டுக்குப் புதிதுமன்று. மானிப்பாயில் வைத்தியப் பாடசாலை நடத்திய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மோன்செல் என்பாரின் பிரசவ நூலைத் தமிழாக்கி 1857 இலேயே வெளியிட்டார். யாழ்ப்பாணத்துக்கு அன்று கிடைத்தது கஹவத்தைக்கு இன்றாவது கிடைக்கலாம்.

ஒத்திகைக்கான சம்பவங்களையும் இவ்வூரிலிருந்தே எடுக்க வேண்டும். அந்நிய நாட்டுப் புத்தகம் எதிலும், மலைமேல் தோட்டத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை லொறியில் ஏற்றிப் பணியக் கொண்டுவரும்போது, பாதி வழியில் தலை தெரியத் தொடங்கிவிட்டால் குடும்பநல மாது என்ன செய்வது என்ற காட்சி இராது. 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய சுவசெரிய அம்புலன்சு நம் துயரத்தைப் பெரிதும் குறைத்துள்ளது என்பது உண்மையே. ஆயினும் தோட்டத்துப் பாதை அதே பாதைதான். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களுகங்கை பெருகி இரத்தினபுரி நீரில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பெல்மதுளை வழியே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பலாம் என்ற வழி அடைபட்ட இரவில், உதிரம் நில்லாத தாயொருத்தியை வைத்துக்கொண்டு இங்குள்ளவர்கள் விடியுமட்டும் சமாளிப்பது எப்படி? ஆணுறையையும் ரப்பர்க் குழாயையும் இணைத்துக் கருப்பைக்குள் செலுத்தி, சேலைன் நிரப்பி இரத்தத்தை அடக்கும் முறையை, பங்களாதேசத்து வைத்தியர் சயேபா அக்தர் என்னும் அம்மையார் உலகுக்கு அளித்தார். அதற்கு வேண்டியவை அனைத்தும் நம் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் முடிச்சை இருட்டில் முதன்முறையாகப் போட்டுப் பார்ப்பது மட்டும் கூடாது.

எதிர்வாதம் இரண்டு உண்டு. ஒன்று, ஆள் இல்லை என்பது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தாதியர் பலர் கடல் கடந்துவிட்டனர். இருப்பவர்கள் இரட்டை முறை பார்க்கிறார்கள். இதில் ஒத்திகைக்கு எங்கே அவகாசம் என்று கேட்பது நியாயமே. நான் கேட்பது முழுநாளன்று. முறை மாறும் வேளையில் கிழமைக்கு ஒருமுறை அரைமணி நேரம். அந்த அரைமணியும் பயிற்றும் தாதியின் சொந்த நேரத்திலிருந்து களவாடப்படாமல், கடமை நேரமாக ரோஸ்டரில் எழுதப்பட வேண்டும். தியாகத்தை நம்பி நடக்கும் எந்தத் திட்டமும் அந்தத் தியாகி இடமாற்றம் பெற்றதும் நின்றுவிடும் என்பதை நாம் போதுமான அளவு பார்த்தாயிற்று. மற்றது, பயிற்றுநரை ஆக்கியபின் அவளும் வெளிநாடு போய்விட்டால் என்ன செய்வது என்பது. அதற்கு விடை பீகாரிலேயே இருக்கின்றது: தனி ஒருத்தியைப் பழக்காமல் இருவரைச் சேர்த்துப் பழக்குவது. ஒருவர் ஒத்திகையை நடத்த மற்றவர் குறிப்பெடுப்பார். அடுத்த கிழமை மாறிக்கொள்வர். ஒருவர் போனால் மற்றவர் மூன்றாமவரை அழைத்துக்கொள்வார். அவ்விருவருள் ஒருவர் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால் நல்லது. அத்தகைய தாதியர் இன்று சிலரே என்பதையும், உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் இம்மாகாணத்தில் எவ்வளவு அரிது என்பதையும் இந்த அவை அறியும். அது வேறொரு சொற்பொழிவுக்குரிய பொருள்.

அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள், இச்சொற்பொழிவுக்குப் பின் தாங்கள் செய்யக்கூடியது யாது என்று என்னை முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். பெரிய பொம்மை வாங்கித் திறப்புவிழா வைத்து அதனைக் கண்ணாடி அலுமாரியில் பூட்ட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். இரண்டு காற்சட்டைகள், ஒரு குழந்தைப் பொம்மை, அளவு குறித்த பைகள், விரிப்பை நிறுக்க ஒரு தராசு ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். தாயாக நடிக்கத் தோட்டங்களிலிருந்து பிள்ளை பெற்ற தாய்மார் சிலரை, ஒருநாட் சம்பளமும் பஸ் கூலியும் கொடுத்து அழையுங்கள். தாதி தன்னை எப்படித் தொட்டாள், எந்தச் சொல்லால் அழைத்தாள் என்பதை ஒத்திகையின் முடிவில் அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்பது, என் போன்றோர் ஆண்டுக்கணக்கில் நடத்திய விரிவுரைகளைவிடப் பயன்தரும். வைத்தியசாலை நிர்வாகத்தின் அநுமதியைக் கேட்டு, முதல் மூன்று சம்பவங்களை, அதாவது இரத்தப்பெருக்கு, அழாத குழந்தை, லொறியில் பிரசவம் என்பவற்றை, இரு மொழியிலும் எழுதித் தர நான் ஆயத்தமாயிருக்கின்றேன். எழுத்துப்பிரதியைத் திருத்துவதற்குக் குடும்பநல மாதர் இருவர் முன்வந்தால், மலைப்பாதையைப் பற்றி நான் எழுதுவதில் வரும் தவறுகளை அவர்கள் நீக்கித் தரலாம்.